தோல் மட்டும்

அத்தியாயம் 9

சனிக்கிழமை காலை. வைனுயோமாட்டா பள்ளத்தாக்கில் தெற்குக் காற்று ஊளையிட்டுக்கொண்டிருந்தது. நோலீன் வீட்டு வாசலில் ஃபெய்ஜோவா பழங்கள் உதிர்ந்து, பொறுக்க ஆளில்லாமல் அழுகிக்கொண்டிருந்தன. பொறுக்க வேண்டியவள் மலைக்கு அந்தப் பக்கம், ஆஸ்பத்திரியில் இடுப்பு ஆபரேஷன் முடிந்து, "எப்ப என்னை வீட்டுக்கு விடுவீங்க?" என்று வருகிற போகிறவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இன்றைக்குத்தான் விடுகிறார்கள். ஆனால் ஒரு நிபந்தனை.

"அம்மா பிடிச்சுக்க கம்பி போட வர்ற ஆளு காய்ச்சல்ல படுத்துட்டாரு, ரேவின்" என்று காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து செஃபினா போன் செய்திருந்தாள். வீட்டுக்குப் போகிற நோயாளிகள் விழாமல் இருக்க ஏற்பாடு செய்வது அவள் வேலை. "கம்பி உங்க வீட்டுக்கு வந்து சேந்துடுச்சில்ல? பாத்ரூம் சுவத்துல மதியத்துக்குள்ள நீங்களே மாட்டி போட்டோ அனுப்புங்க. ஸ்க்ரூ சுவத்துக்கு உள்ள இருக்கற மரச்சட்டத்துல ஏறியிருக்கணும். வெறும் பலகையில இல்ல."

"முடியலன்னா?"

"முதியோர் இல்லத்துல ஒரு படுக்கை காலியா இருக்கு. அங்க அனுப்பிடுவோம். அம்மாகிட்ட சொன்னேன். பேசவே மாட்டேங்கறாங்க."

அம்மா பேசாமல் இருப்பது என்றால் என்னவென்று ரேவினுக்குத் தெரியும். போனை வைத்ததும் டிரில்லைத் தேடி கேரேஜுக்குப் போனாள். ஷட்டரைத் தூக்கிய பிறகுதான் புத்தியில் உறைத்தது.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ரேவின் செய்த காரியம் உங்களுக்குத் தெரியும். நோலீனுக்குத்தான் தெரியாது. 'கால் தடுக்கும் சாமான்களை அகற்றவும்' என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் சொன்னதைக் கேட்டு, இந்தப் புண்ணியவதி கேரேஜையே அகற்றிவிட்டாள். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை வாசலில் மேஜை போட்டு, இறந்துபோன அப்பா ராஸின் சுத்தியல், ரம்பம், இடுக்கி, இழைப்புளி என்று எல்லாவற்றையும் வந்தவர்களுக்கு வந்த விலைக்குக் கொடுத்தாள். மிச்சத்தைத் தம்பி மரே டிரெய்லரில் ஏற்றிக் குப்பைக் கிடங்கில் கொட்டினான். பக்கத்து வீட்டு டிரெவர் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "நோலீனைக் கேட்டியாம்மா?" என்று கேட்டார். "அவங்க சொல்லித்தான்" என்று ரேவின் பொய் சொன்னாள். அதனால் இப்போது டிரெவரிடம் போய் டிரில் இரவல் கேட்கவும் வழியில்லை.

ரேவின் காலி கேரேஜின் நடுவில் போய் நின்றாள். சுத்தம் செய்ததாகத்தான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். வெறும் சிமெண்டுத் தரையைப் பார்க்கப் பார்க்கத் திருடியதுபோல் இருந்தது.

துணி துவைக்கும் அறைக்கு வந்தாள். அங்கே அலமாரித் தட்டில் சார்ஜரும், அதில் செருகிய ஒரு நீல பேட்டரியும், அதன் தலையில் எரியும் பச்சை விளக்கும் இருந்தன. டிரில்லை விற்றவள் பேட்டரியை மறந்திருக்கிறாள்! வாங்கிப் போன தாடிக்காரர் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்து, "உயிர் இல்லையே" என்றது நினைவுக்கு வந்தது. "பழசு, அப்படித்தான் இருக்கும்" என்று சும்மா கொடுப்பதுபோல் கொடுத்திருந்தாள்.

பேட்டரியை உருவிக் கைப்பையில் போட்டுக்கொண்டு தம்பிக்குப் போன் செய்தாள்.

மரே பஸ் ஓட்டுகிறவன். அவனிடம் ஒரு டிரில் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. விவாகரத்தில் டோனாவோடு போய்விட்டது. ரேவினின் கணவன் கிரெய்க் ஆஸ்திரேலியச் சுரங்கத்தில் இருக்கிறான். அவனுடைய சாமான்களும் அங்கேதான்.

மலையைத் தாண்டிக் கடைக்குப் போகும்வரை மரே வாயை மூடவில்லை.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல, அவசரப்படாதேன்னு."

"எப்படா சொன்னே? 'உன் இஷ்டம்க்கா'ன்னு சொன்னே."

"அந்த 'உன் இஷ்டம்'ல எல்லாம் அடக்கம். என் பங்குக்கு நான் டிரெய்லர் டிரெய்லரா ஏத்தி இறக்கலையா? இடுப்பு ஒடிஞ்சுது. கேரேஜ்ல ஒரு துரும்பு மிச்சம் வெச்சேனா?"

ஹார்டுவேர் கடை வாசலில் நெட்பால் அணிச் சிறுமிகள் நிதி திரட்ட வெங்காயத்தோடு சாஸேஜ் சுட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். மரே உள்ளே போகும்போதே ஒன்றை வாங்கிக் கடித்துக்கொண்டான். டிரில் வரிசைக்கு வந்ததும் அவன் கண் நேராக மேல்தட்டுக்குப் போனது. அங்கே இருந்த மஞ்சள் மிஷின் ஒன்றைத் தூக்கினான். பால் கேன் கனம் இருக்கும்.

"இதுதான்க்கா டிரில்லு! சுத்தியல் அடி வேற இருக்கு, இடிச்சுக்கிட்டே சுத்தும். ரெண்டு பேட்டரி, கான்கிரீட்டையே துளைக்கும்."

"நம்ம வீட்ல கான்கிரீட் எங்கடா இருக்கு? ஒரு கம்பி மாட்டணும். அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை எதையாவது மாட்டுவோம். அதுக்கு இவ்ளோ விலையா?"

"ஒரு தடவை வாங்கினா ஆயுசுக்கும் வெச்சுக்கலாம்."

"டோனாகிட்ட போய் ஆயுசுக்கும் இருக்கறதைத்தானே பாக்கறோம்."

மரே சாஸேஜில் கவனம் செலுத்தினான்.

மெரியானா என்று சட்டையில் பெயர் குத்திய ஒரு பெண் வந்து நின்றாள். "சுவர் எப்படி? செங்கல்லா, மரமா?"

"மரச்சட்டம், மேல பலகை" என்றாள் ரேவின்.

"அப்ப சுத்தியல் அடி வேண்டவே வேண்டாம். எப்பவாவதுதான எடுப்பீங்க? சின்னதே போதும். கனம் குறைச்சலா இருந்தா கை நடுங்காது, துளை கோணாது." கீழ்த்தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து நீட்டினாள். "இது எங்க கடையோட சொந்தச் சரக்கு. டிரில்லு, பேட்டரி, சார்ஜர், துளை போடற அலகு எல்லாம் இதுக்குள்ளயே. வீட்டு உபயோகத்துக்குத் தாராளம். எங்க அம்மாவும் இதான் வெச்சிருக்காங்க."

பச்சைப் பெட்டி. விலையும் கையைக் கடிக்கவில்லை. ரேவின் அதைக் கையில் வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. கைப்பையில் பேட்டரி இருந்ததே. ஒரு பேச்சுக்கு அதை வெளியே எடுத்துக் காட்டினாள்.

"ஓ, இதுவா!" என்று மெரியானா திரும்பி இன்னொரு தட்டைக் காட்டினாள். "இதோட டிரில்லு தோலாவும் கெடைக்கும்."

"தோலா?"

"ஸ்கின். பேட்டரி, சார்ஜர் எதுவும் இல்லாம வெறும் மிஷின் மட்டும். நாங்க அப்படித்தான் சொல்வோம். உங்ககிட்டதான் பேட்டரி இருக்கே, பொருந்தும். ஆனா நல்ல கம்பெனி. அதனால வெறும் தோலே அந்தப் பச்சை செட்டைவிட விலை கூட. உங்களுக்கு இது தேவையில்லன்னுதான் சொல்வேன்."

ரேவின் அவள் சொன்னதில் பாதியைத்தான் கேட்டாள். தட்டில் அந்த நீல டிரில் உட்கார்ந்திருந்தது. குட்டை மூக்கு, கறுப்புக் கைப்பிடி. தாடிக்காரர் எடுத்துப் போனதே, அச்சு அசல் அது.

இதை வாங்கி அந்தத் தட்டில் வைத்துவிட்டால்? அம்மாவுக்கு எப்படித் தெரியும்? சுத்தியலும் ரம்பமும் போனதைக் கேட்டால் துருப்பிடித்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். துவைக்கும் அறையில் சார்ஜர் தினமும் அம்மா கண்ணில் படும், அதற்கான டிரில் இல்லையென்றால்தான் கேள்வி வரும். இது இருந்தால் போதும். மற்றதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

நல்ல மனசுக்காரிகள் பொய்யை ஆரம்பிப்பது இப்படித்தான், அடுத்தவருக்காக என்று.

"பொம்மை மாதிரி இருக்கு" என்று மரே அந்த நீல டிரில்லைத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். கைப்பிடி அவன் விரல்களுக்குள் காணாமல் போனது. "அப்பா கை என் கையைவிடப் பெருசு. ரயில்வே பட்டறைக் கை. அவரா இதை வெச்சிருந்தாரு?"

"வயசான காலத்துல வாங்கியிருப்பாரு."

"பச்சையே எடுக்கா. அந்தப் பொண்ணு சொல்றது நியாயமாத்தான் இருக்கு." மரேயே நியாயம் பேசினான் என்றால் பாருங்கள்.

ரேவின் பச்சைப் பெட்டியைத் தட்டில் திருப்பி வைத்தாள். "தோலையே குடும்மா, துளை போடற அலகு ஒண்ணும்" என்றாள்.

மெரியானா தோளைக் குலுக்கிவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போனாள்.

வீட்டில் கம்பி மாட்டும் வேலையை மரே எடுத்துக்கொண்டான். பாத்ரூம் சுவரை விரல் முட்டியால் தட்டித் தட்டி, வெற்றுச் சத்தம் எங்கே, கெட்டிச் சத்தம் எங்கே என்று காதை வைத்துக் கேட்டான். முதல் துளை பலகையை மட்டும் துளைத்து அந்தப் பக்கம் வெற்றிடத்தில் விழுந்தது.

"சட்டம் இங்கதான இருக்கணும்!"

"சட்டத்துக்குத் தெரியுமா அது எங்க இருக்கணும்னு? குடுடா இப்படி."

ரேவின் வாங்கிக்கொண்டாள். டிரில் கைக்கு லேசாக இருந்தது. ஒரு விரற்கடை தள்ளி வைத்து அழுத்தினாள். மரத்தூள் சுருள் சுருளாக வெளியே வந்தது. ஸ்க்ரூ உள்ளே போய் இறுகி நின்றபோது அவளுக்கே ஆச்சரியம். மரே கம்பியைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தான். அசையவில்லை. போட்டோ எடுத்து அனுப்பியதும் செஃபினாவிடமிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் வந்தது.

"டேய், ஒண்ணு சொல்லணும்" என்றாள் ரேவின், தரையில் கிடந்த தூளைக் கூட்டிக்கொண்டே. "நடையில கோட்டு மாட்டற கொக்கி, ஜன்னல் திரைக்கம்பி எல்லாம் எவ்ளோ நேரா மாட்டியிருக்கே! இன்னைக்குத்தான் கவனிச்சேன். அப்பா போனப்புறம் நீ அம்மாவுக்கு இவ்ளோ செஞ்சிருக்கேன்னு எனக்குத் தெரியாது."

மரே விழித்தான். "நானா? கிரெய்க் மாட்டினதுன்னு நான் நெனச்சேன்."

"கிரெய்க் இங்க வந்து எத்தனை காலம் ஆச்சு!"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யோசிக்க நேரம் இருந்திருந்தால் யோசித்திருப்பார்கள். ஆனால் அம்மாவை அழைத்துவர நேரமாகிவிட்டது. "டிரெவரா இருக்கும்" என்று சொல்லிவிட்டு மரே கார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

தனியாக இருந்த ரேவின் டிரில்லைச் சமையலறை மேஜையில் வைத்துப் பார்த்தாள். பளபளவென்று புதுசு. கடை வாசனை கூடப் போகவில்லை.

பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை எடுத்து நீலப் பூச்சைத் தேய்த்தாள். கேரேஜ் ஷட்டர் தண்டவாளத்திலிருந்து மசகு வழித்து வந்து மூக்கில் தடவினாள். தடவத் தடவ முகம் சூடேறியது. ஐம்பது வயதுக்காரி, இரண்டு பிள்ளை பெற்றவள், அம்மாவை ஏமாற்ற ஒரு டிரில்லுக்குக் கிழவேஷம் போடுகிறாள்! நிறுத்திவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அப்போதுதான் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது.

அப்பாவின் சாமான் எதுவும் பெயரில்லாமல் இருந்ததில்லை. பட்டறைப் பழக்கம். சுத்தியல் காம்பிலிருந்து பெயிண்ட் பிரஷ்வரை எல்லாவற்றிலும் ஆர்.டி. என்று எழுதியிருப்பார், ராஸ் டல்லாக். விற்பனை மேஜையில் அந்த எழுத்துகள் வரிசை வரிசையாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்ததும், பார்க்காமல் இருக்க அவள் பழைய துண்டு ஒன்றைப் போட்டு மூடியதும் இன்னும் மனதில் இருந்தன.

இழுப்பறையிலிருந்து கறுப்பு மார்க்கரை எடுத்தாள். அப்பாவின் கையெழுத்துப்போல ஆர் எழுத்தின் காலை நீட்டி, டி எழுத்தின் தலையில் கோட்டைச் சாய்த்து எழுதினாள். கடைசிக் கோடு கொஞ்சம் கோணியது. அதுவும் அப்பா கை மாதிரியே அமைந்துவிட்டது.

டிரில்லை எடுத்துப்போய்ச் சார்ஜருக்குப் பக்கத்தில் வைத்தாள். பேட்டரியைச் சார்ஜரில் செருகினாள். பச்சை விளக்கு எரிந்தது.

கார் வந்து நின்றது. நோலீன் வாக்கரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பாதி உடம்பாக இளைத்திருந்தாள், ஆனால் வாய் இளைக்கவில்லை.

"பழத்தையெல்லாம் அழுக விட்டிருக்கீங்களே! ஜாம் போட ஆளில்லன்னா டிரெவருக்காவது குடுத்திருக்கலாம்ல?" மகள் கன்னத்தில் முத்தமிட்டாள். "பயந்துட்டேன்டி. அந்த இல்லத்துக்கு அனுப்பிடுவாங்களோன்னு ராத்திரியெல்லாம் கண்ணு மூடல. நீ விடமாட்டேன்னு தெரியும். இருந்தாலும் பயம்."

ரேவினுக்கு அழுகை வந்தது. அதைத் தேநீர் போடப் போகிற சாக்கில் மறைத்துக்கொண்டாள்.

நோலீன் முதலில் பாத்ரூமுக்குப் போய்க் கம்பியைப் பிடித்து இழுத்தாள். பக்கத்தில் மரே போட்ட வெட்டித் துளையைப் பார்த்து, "இது யாரு, மரேயா?" என்றாள். சிரித்தாள். பிறகு சோபாவுக்கு வராமல், வாக்கரைத் திருப்பித் துவைக்கும் அறைக்குப் போனாள்.

"அங்க எதுக்கும்மா? உக்காரு."

"பேட்டரி விளக்கு எரியுதான்னு பாக்கணும். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை சார்ஜ் போடுவேன். இத்தனை வாரம் நானும் இல்ல."

ரேவின் பின்னாலேயே ஓடினாள். கெட்டில் கூவிக்கொண்டிருந்தது, யாரும் அதை இறக்கவில்லை.

நோலீன் ஒரு கையால் வாக்கரைப் பிடித்தபடி மறு கையால் டிரில்லை எடுத்தாள். பழகிய கைதான். விரல் தானாகப் போய்ப் பொத்தானில் உட்கார்ந்தது. பக்கவாட்டில் திருப்பி, முன்னே பின்னே மாற்றும் குமிழைத் தேடினாள். கட்டைவிரலால் அந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"சிவப்புப் புள்ளி எங்க?"

"என்ன புள்ளி?"

"நகப்பூச்சு வெச்சிருந்தேன். எந்தப் பக்கம் கழட்டறது, எந்தப் பக்கம் முறுக்கறதுன்னு எனக்கு மறந்துபோகும். அதுக்கு."

எனக்கு, என்றாள். ரேவின் அந்தச் சொல்லைக் கேட்டாள். ஆனால் அது முழுசாக உள்ளே இறங்குவதற்குள் நோலீன் டிரில்லைக் கவிழ்த்துவிட்டாள். ஆர்.டி. என்ற இரண்டு எழுத்தும் மேலே வந்தன.

நோலீன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தாள். இன்னொரு முறையும் படித்தாள். மார்க்கர் மை அவள் விரலில் கறுப்பாக ஒட்டியது.

"ரேவின். இது உங்க அப்பா காரியம் எல்லாம் முடிஞ்சதுக்கப்புறம் நான் வாங்கினது. திரைக்கம்பி விழுந்து கெடந்தது. உங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டேன். அடுத்த வாரம், அடுத்த வாரம்னீங்க. நானே கடைக்குப் போய் என் கைக்கு எது அடங்குதோ அதை வாங்கிட்டு வந்தேன்." மையை மேலங்கியில் துடைத்துக்கொண்டாள். "இதுல அவரு எங்கேருந்து வந்து பேரு எழுதினாரு?"

ரேவின் அம்மாவின் மேலங்கியில் இருந்த மைக்கறையைப் பார்த்தாள்.

"வித்துட்டேம்மா" என்றாள். "கேரேஜ்ல இருந்ததை எல்லாம். உன் நல்லதுக்குன்னு நெனச்சு... இல்ல, நல்லதுக்கு இல்ல. சீக்கிரம் முடிச்சா போதும்னு நெனச்சேன். உன்னைக் கேக்கணும்னு தோணிச்சு. கேட்டா வேண்டாம்பே. அதான் கேக்கல. தப்பு பண்ணிட்டேன்."

"இதை?"

"அப்பாவோடதுன்னு நெனச்சேன்."

"அவரு செத்துட்டாரு, அதனால பரவாயில்லன்னு."

"ஆமா."

"நான் சாகலயேடி" என்றாள் நோலீன். அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் ரேவினுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அடுக்களையில் மரே கெட்டிலை இறக்கிவிட்டு, கையில் இஞ்சி பிஸ்கட்டோடு வந்து கதவில் சாய்ந்தான். நடந்தது புரிந்ததும் உற்சாகமாகிவிட்டான். "நான் கடையிலேயே சொன்னேம்மா, பச்சையே வாங்குக்கான்னு. நான் அன்னைக்கே சொன்னேன், அவசரப்படாதேன்னு."

நோலீன் அவன் பக்கம் திரும்பினாள். "சுத்தியல், ரம்பம் போனா போகட்டும். அது அவரோடது, துருப்பிடிச்சது. கேரேஜ் பெஞ்சுக்கு அடியில, பச்சைத் தார்ப்பாய் போட்டு ஒண்ணு மூடி வெச்சிருந்தேனே, நான் செஞ்சது. அது இருக்குல்ல?"

ரேவின் யோசித்தாள். விற்பனை மேஜையில் அப்படி எதுவும் வந்த ஞாபகம் இல்லை. "நான் விக்கலம்மா. தார்ப்பாய் போட்டது எதையும் நான் தொடல. சத்தியமா."

பிஸ்கட் கடிக்கும் சத்தம் நின்றது.

மரேயின் காது சிவந்திருந்தது. டிரெய்லரில் ஏற்றியது, கயிறு கட்டியது, கிடங்கில் கவிழ்த்தது, மேலே கிடந்த பச்சைத் தார்ப்பாய் காற்றில் பறந்தது எல்லாம் அவன் முகத்தில் வரிசையாக ஓடின.

"துரும்பு மிச்சம் வெக்கலன்னு சொன்னியேடா" என்றாள் ரேவின் மெதுவாக.

"குப்பைன்னு நெனச்சேம்மா."

"யாரோட குப்பைன்னு?" என்று கேட்டாள் நோலீன்.

மரே பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நோலீன் டிரில்லை வாக்கரின் முன்கூடையில் போட்டாள். சார்ஜரைப் பிடுங்கி அதையும் போட்டாள். பிறகு வாக்கரைத் திருப்பிக் கேரேஜை நோக்கி, அடிமேல் அடி வைத்து நடக்க ஆரம்பித்தாள்.

"ரெண்டு பேரும் வாங்க" என்றாள் திரும்பிப் பார்க்காமல். "கதவைத் திறந்து காட்டுங்க."